‘நிக்கிற’ பிள்ளைகள்: வீடில்லாத மாணவர்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மட்டக்களப்பு மாவட்டத்தில் ஓர் அரச பாடசாலையில் படிப்பிக்கிறேன். வகுப்புப் பொறுப்போடு ஆலோசனை வழிகாட்டலும் என் தலையில் விழுந்து பல வருடமாகிவிட்டது. அதனால் மற்றப் பாடசாலை ஆசிரியர்கள், சில நேரம் அதிபர்மார்கூட, போன் எடுத்து ஒரே மாதிரியான கேள்விகளைக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போய் எழுதியது இது.

வீடில்லாத மாணவன் என்று யாரைச் சொல்கிறீர்கள்? நம்ம ஊரில் தெருவில் படுக்கிற பிள்ளையை நான் கண்டதே இல்லையே?

நானும் அதிகம் கண்டதில்லை. அதுதான் சிக்கலே. இங்கே வீடு இல்லாத பிள்ளை தெருவில் படுப்பதில்லை, யாரோ ஒருவருடைய வீட்டில் படுக்கிறது. ஆகவே நம் கண்ணுக்கு எல்லாப் பிள்ளைக்கும் வீடு இருப்பதாகத்தான் தெரியும்.

நம்முடைய பேச்சிலேயே இதற்கு ஒரு அளவுகோல் இருக்கிறது. ‘எங்க இருக்காய்?’ என்று கேட்டால் ஊரைச் சொல்வார்கள். ‘எங்க நிக்காய்?’ என்று கேட்டால் வேறு பதில் வரும். ‘மாமிட்ட நிக்கன் டீச்சர்’, ‘இப்ப பெரியம்மாட வீட்ட நிக்கன்’, ‘அப்பாட கடையில நிக்கம்’. இருப்பது வேறு, நிற்பது வேறு. மாதக்கணக்காக நிற்கிற பிள்ளைகளைத்தான் நான் வீடில்லாத மாணவர் என்று சொல்கிறேன்.

காரணங்கள் ஆளுக்கு ஆள் வேறுபடும். நுண்கடன் இரண்டு மூன்று எடுத்துக் கட்டமுடியாமல் வீட்டை ஈடுவைத்து மூழ்கினவர்கள், நகரப்பக்கம் வாடகை கூடி வெளியேறினவர்கள், வெல்லாவெளி, பட்டிப்பளை, கிரான் பக்கம் யானை வந்து சுவரைத் தள்ளிவிட்டுப் போனதால் இரவில் அங்கே படுக்கப் பயந்து சொந்தக்காரர் வீட்டில் ஒதுங்கினவர்கள், பெருவெள்ளத்தில் களிமண் வீடு கரைந்துபோனவர்கள். அம்மா குவைத்திலோ சவூதியிலோ, அப்பா வேறு கலியாணம், பிள்ளை நடுவில். வயல் வாடியிலும் கடற்கரை வாடியிலும் (வாடி என்றால் தற்காலிகக் குடிசை) போகம் முடியும்வரை தங்கியிருக்கிற குடும்பங்களும் உண்டு. கூரை போட்டுக் கதவு போடாத பாதி வீட்டில், கிணறும் கக்கூசும் இல்லாமல் இருக்கிற பிள்ளையையும் நான் இந்தக் கணக்கில்தான் சேர்ப்பேன். சிலர் அதை ஒத்துக்கொள்ளமாட்டார்கள், சரி.

இந்தக் கணக்கை நீங்களாகவே வைத்துக்கொண்டதா?

முழுக்க இல்லை. அமெரிக்காவில் 1987 இல் வந்த மெக்கின்னி-வென்டோ சட்டத்திலிருந்து எடுத்தேன். இரவில் தங்க நிலையான, ஒழுங்கான, போதுமான இடம் இல்லாத பிள்ளை வீடில்லாத பிள்ளை என்பது அந்தச் சட்டத்தின் வரைவிலக்கணம். வீட்டை இழந்தோ பணக்கஷ்டத்தாலோ மற்றவர் வீட்டில் ஒண்டியிருக்கிற பிள்ளையும் அதற்குள் வருகிறது. அந்த நாட்டில் வருடத்துக்கு 10 இலட்சத்துக்கு மேற்பட்ட மாணவர்களை இப்படி அடையாளம் காண்கிறார்கள், அதில் நாலில் மூன்று பங்கு அளவுக்கு இப்படி ஒண்டியிருக்கிறவர்கள்தான். தெருவிலும் வாகனத்துக்குள்ளும் படுக்கிறவர்கள் சிறு பகுதி. பணக்கார நாட்டிலேயே கதை இதுதான் என்று தெரிந்த பிறகுதான் என் வகுப்பை நான் திரும்பிப் பார்த்தேன்.

அந்தச் சட்டத்தில் மூன்று விஷயம் எனக்குப் பிடிக்கும். கடதாசி இல்லாவிட்டாலும் பிள்ளையை உடனே சேர்க்கவேண்டும், கடதாசி பிறகு வரட்டும். வீடு மாறினாலும் பிள்ளைக்கு நல்லது என்றால் பழைய பாடசாலையிலேயே தொடரலாம், போக்குவரத்துக்கு நிர்வாகம் வழி செய்யவேண்டும். மூன்றாவது, ஒவ்வொரு கல்வி மாவட்டத்திலும் இதற்கென்று பெயர் குறித்த ஓர் ஆள் இருக்கவேண்டும்.

நம்மிடம் இப்படித் தனிச்சட்டம் கிடையாது. ஆனால் வெறுங்கையோடும் இல்லை. 1945 முதல் இலவசக் கல்வி, 1980 முதல் இலவசப் பாடநூல், 1993 முதல் இலவசச் சீருடை. 5 வயது முதல் 16 வயது வரை பாடசாலைக் கல்வி கட்டாயம், முன்பு 14 வரை இருந்தது 2016 இல் 16 ஆனது. எல்லாம் இருக்கிறது. நான் இத்தனை வருடம் நிரப்பிய படிவங்களில் தாய் இல்லை, தந்தை இல்லை, வருமானம் குறைவு என்று எழுத இடம் இருந்தது, வீடு இல்லை என்று எழுதத்தான் ஒரு கட்டமும் கண்டதில்லை.

எப்படிக் கண்டுபிடிப்பது?

புத்தகப் பையைப் பாருங்கள். சோதனை போடச் சொல்லவில்லை, வகுப்பில் வைத்துக் கிண்டினால் அந்தப் பிள்ளை மறுநாள் வராது. சும்மா கவனியுங்கள். தரம் 8 இல் ஒருவன் இருந்தான், பை எப்போதும் வயிறு முட்டி நிற்கும். ஆனால் பாடத்துக்குக் கொப்பி இருக்காது. ஒருநாள் மழையில் நனைந்து வந்தவன், எடுத்துக் காயவைக்கட்டுமா என்று அவனாகவே கேட்டான். அலுவலகத்துக்குப் பின்னால் இருந்த வாங்கில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். ஒரு சாரன், ஒரு பெனியன், சொப்பிங் பையில் சுற்றிய பாதிச் சவர்க்காரம், பல்துலக்கி, போன் இல்லாத போன் சார்ஜர், இரண்டு கொப்பி, கடைசியாக லேமினேட் பண்ணின பிறப்புச் சான்றிதழ். ‘இதயெல்லாம் ஏன் மனே கொண்டு திரியுற?’ என்று கேட்டேன். ‘இன்டைக்கு எங்க நிப்பமெண்டு தெரியா டீச்சர். அம்மா இத மட்டும் விட்டுராத எண்டவ’ என்று சான்றிதழைக் காட்டினான். தாய் வெளிநாட்டில். அவன் மூன்று வீடுகளுக்கிடையில் சுற்றிக்கொண்டிருந்தான். ஒரே வகுப்பில் ஏழு மாதம் இருந்தும் எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு நான் பார்க்கத் தொடங்கிய விஷயங்கள் பல. காலையில் கேட் திறக்கிறதுக்கு முன்னமே வந்து படிக்கட்டில் இருக்கிற பிள்ளை, பின்னேரம் எல்லாரும் போன பிறகும் பந்தடி பார்க்கிற சாட்டில் நிற்கிற பிள்ளை. ஈரச் சீருடையோடு வருகிற பிள்ளை (ஒரே உடுப்பு, இரவு கழுவினது, மாரி காலத்தில் காயாது). வெள்ளைச் சட்டையில் அடுப்புப் புகை மணம். திங்கட்கிழமை சாப்பாட்டு வரிசையில் முதல் ஆளாக நிற்கிறது. அவசரத்துக்கு அழைக்கக் கொடுத்த போன் நம்பர் தவணைக்குத் தவணை மாறுவது. வரவு இடாப்பில் ஒரு கிழமை விட்டு ஒரு கிழமை விழுகிற ஓட்டை. ‘எனது வீடு’ என்று கட்டுரை கொடுத்தால் மற்ற எல்லாம் எழுதுகிற பிள்ளை அன்றைக்கு மட்டும் வயிற்றுவலி என்று சொல்வது. வகுப்பில் நித்திரை தூங்குவது.

இதில் ஒன்றைக் கண்டதும் முடிவு கட்டிவிடாதீர்கள். நித்திரை தூங்குகிறவன் இரவெல்லாம் போனில் கேம் விளையாடினவனாகவும் இருக்கலாம். மூன்று நாலு சேர்ந்து வந்தால் யோசியுங்கள்.

பிள்ளையிடம் நேரே கேட்கலாமா?

கேட்கலாம், ஆனால் ‘உனக்கு வீடு இருக்கா?’ என்று கேட்டால் நூற்றுக்கு நூறு ‘ஓம்’ என்றுதான் பதில் வரும். எந்தப் பிள்ளையும் இல்லை என்று சொல்லாது, நீங்களும் நானும் அந்த வயதில் சொல்லியிருக்கமாட்டோம்.

சின்னச் சின்னக் கேள்விகள் போதும். நேற்று ராத்திரி எங்க படுத்த? அங்க ஆரார் இருக்காங்க? படிக்க எங்க இருப்ப? உடுப்பெல்லாம் எங்க வச்சிருக்க? இதையும் தனியாகக் கேட்கவேண்டும், ஆனால் ‘தனியாக வா’ என்று வகுப்பு முன்னால் கூப்பிட்டால் தனிமை போய்விடும். நான் கொப்பிகளைத் தூக்கிக்கொண்டு வரச் சொல்லி அலுவலகத்துக்கு நடக்கிற வழியில் கேட்பேன். முகத்தைப் பார்க்காமல், பக்கத்தில் நடந்துகொண்டு. பெண் பிள்ளை என்றால் பெண் ஆசிரியர்.

பதில் பொய்யாக இருந்தால் பிடிக்கப் போகாதீர்கள். இரண்டு கிழமை கழித்து அதே கேள்வியை வேறு மாதிரிக் கேளுங்கள்.

அம்மம்மா வீட்டில் வளர்கிற பிள்ளையும் வீடில்லாத பிள்ளையா? அப்படிப் பார்த்தால் பாதி வகுப்பு வந்துவிடுமே.

இந்தக் கேள்வியைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள், கேட்கவும் வேண்டும். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம்ம பக்கம், மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும், தமிழரிலும் முஸ்லிம்களிலும் வீடு பெண்ணுக்குத்தான் போகும். கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். ஆகவே அம்மம்மாவோடு வளர்வது இங்கே சாதாரணம், பல பிள்ளைகளுக்கு அதுதான் ஆகப் பாதுகாப்பான இடமும். அம்மா வெளிநாடு போனால் பிள்ளை அம்மம்மாவிடம் இருப்பதை யாரும் ஒரு குறையாக நினைப்பதில்லை, நானும் நினைக்கவில்லை.

ஆனால் அதே வழக்கத்துக்கு ஒரு மறுபக்கம் இருக்கிறது. அம்மம்மாவுக்கு மூன்று பெண்கள், வீடு ஒன்று. மூத்தவளுக்குக் கட்டிக் கொடுத்த வீடு கடனில் போய்விட்டது, அவள் வெளிநாடு போனாள், அவளுடைய பிள்ளைகள் அம்மம்மாவிடம் வந்தார்கள். மூன்று வருடத்தில் இளைய சித்திக்குக் கலியாணம் பேசுகிறார்கள். சீதனம் அந்த வீடுதான். கலியாணத்துக்கு அடுத்த நாள் அது சித்தியின் வீடு, புது மாப்பிள்ளையின் வீடு. அம்மம்மாவே அங்கே பின் அறைக்குப் போய்விடுவா. யாரும் பிள்ளைகளை வெளியே போ என்று சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார்கள். ஆனால் முன் ஹோலில் படுத்த பெடியன் இப்போது விறாந்தையில் படுக்கிறான், பிறகு கூட்டாளி வீட்டில் இரண்டு நாள், மாமா வீட்டில் மூன்று நாள். அவனுக்கே தெரியாது தான் எப்போது ‘இருந்த’ நிலையிலிருந்து ‘நிக்கிற’ நிலைக்கு மாறினான் என்று. ஆண் பிள்ளைதான் இதில் கூட அடிபடுகிறது. ‘அவன் ஆம்பிளப் புள்ள, எங்கயும் படுப்பான்’ என்பார்கள். எனக்கு இந்த வசனத்தைக் கேட்டால் பத்திக்கொண்டு வரும்.

ஆகவே நான் கேட்பது மூன்று. இந்தப் பிள்ளைக்கு அங்கே படுக்க நிரந்தரமாக ஓர் இடம் இருக்கிறதா? அடுத்த தவணையும் அங்கேதான் என்று பெரியவர்கள் யாராவது நிச்சயமாகச் சொல்வார்களா? சுகமில்லாவிட்டால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற ஆள் யார் என்று பிள்ளைக்குத் தெரியுமா? மூன்றுக்கும் பதில் இருந்தால் அது வீடு, வீட்டு உறுதிப் பத்திரம் யார் பெயரில் இருந்தாலென்ன.

பழைய பாடசாலையின் விடுகைப் பத்திரம் இல்லை, பிறப்புச் சான்றிதழ் இல்லை, வதிவிடத்தை உறுதிப்படுத்தக் கடிதம் இல்லை. எப்படிச் சேர்ப்பது?

பிள்ளையை முதலில் வகுப்பில் இருத்துங்கள். கட்டாயக் கல்வி வயதில் இருக்கிற பிள்ளையைக் கடதாசி இல்லை என்று வீட்டுக்கு அனுப்புவதைவிட, இருத்திவைத்துக்கொண்டு கடதாசி தேடுவதுதான் சரி. அதிபர் தயங்கினால் வலயக் கல்வி அலுவலகத்துக்கு ஒரு கடிதம் போட்டு வைக்கச் சொல்லுங்கள், பிறகு யாரும் கேட்டால் கையில் ஒன்று இருக்கும். மட்டக்களப்பு மாவட்டத்தில் மட்டக்களப்பு, மத்தி, மேற்கு, கல்குடா, பட்டிருப்பு என்று ஐந்து வலயம். அம்பாறைக் கரையோரம் கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, திருக்கோவில்.

பிறப்புச் சான்றிதழ் தொலைந்தது என்றால் பிறந்த ஊருக்கு அலையவேண்டியதில்லை. 1960 க்குப் பிறகு பதிவானதன் பிரதியை எந்தப் பிரதேச செயலகத்திலும் விண்ணப்பிக்கலாம் என்ற ஏற்பாடு இருக்கிறது. இது தெரியாமல் வாகரையிலிருந்து வேறு மாவட்டத்துக்குப் பஸ் ஏறின தாயை எனக்குத் தெரியும், ஒரு நாள் கூலியும் போய் பஸ் காசும் போய். பதிவே செய்யாத பிள்ளை என்றால் கதை நீளும், கிராம உத்தியோகத்தரையும் பிரதேச செயலகப் பதிவாளரையும் ஒன்றாக இருத்திப் பேசவேண்டும்.

விடுகைப் பத்திரத்துக்குப் பழைய பாடசாலைக்குப் பிள்ளையையோ தாயையோ அனுப்பாதீர்கள். அதிபருக்கு அதிபர் போன் எடுத்தால் பத்து நிமிடம். வசதிக் கட்டணப் பாக்கியைச் சொல்லிப் பத்திரத்தை இழுத்தடிக்கிறார்கள் என்று தெரிந்தால் அந்த இடத்திலேயே வலயத்துக்குச் சொல்லுங்கள்.

தரம் 1 வேறு கதை. அங்கே வதிவிடம்தான் புள்ளியே, வாக்காளர் இடாப்பு, உறுதி, வாடகை ஒப்பந்தம் என்று கேட்பார்கள். வீடில்லாத குடும்பத்திடம் இதில் ஒன்றும் இருக்காது. பிரபலமான பாடசாலைக்கு மோதி நேரத்தைப் போக்காமல் பக்கத்தில் இடம் இருக்கிற பாடசாலையில் சேர்க்கச் சொல்வதுதான் என் வழக்கம். நியாயமா என்று கேட்டால், இல்லை.

குடும்பம் வேறு இடத்துக்குப் போய்விட்டது. பிள்ளை இங்கேயே படிக்க விரும்புகிறது. விடலாமா?

முடிந்தவரை விடுங்கள். வீடு போன பிள்ளைக்கு மாறாமல் மிஞ்சியிருப்பது வகுப்பும் கூட்டாளிமாரும்தான்.

இதில் நான் விட்ட பிழை ஒன்றைச் சொல்லவேண்டும். வாவிக்குக் கடல் பக்கமான எழுவான்கரையில் ஒரு பாடசாலையில் இருந்த காலம். தரம் 10 மாணவன் ஒருவன் ஒவ்வொரு நாளும் பிந்தி வந்தான், 8.15, 8.20. கேட்டால் தலையைக் குனிவான். அப்போது ஒழுக்காற்றுப் பொறுப்பும் என்னிடம். கேட்டுக்கு வெளியே நிறுத்தினேன், புல்லுப் பிடுங்க விட்டேன், கிட்டத்தட்ட ஒரு மாதம். ஒருநாள் அவனுடைய சப்பாத்தில் சேறு காயாமல் இருந்ததைப் பார்த்து ‘எதால வாற?’ என்று கேட்டேன். ‘பாதையால’ என்றான். வெளியூர் ஆட்களுக்குச் சொல்கிறேன், எங்களுக்குப் பாதை என்றால் வாவியில் ஆட்களையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றி இழுக்கிற மிதவை. வாடகை வீட்டை விட்டுக் குடும்பம் வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் உறவினர் வளவுக்குப் போயிருந்தது. அவன் விடிய எழும்பி மண்டூர் துறைக்கு நடந்து, குருமண்வெளிக்கு வருகிற பாதையில் ஏறி, அங்கிருந்து பஸ். பாதை நிறையும்வரை நிற்கும், காற்றடித்தால் இன்னும் சுணங்கும். பக்கத்தில் வேறு பாடசாலை இருக்கும்போது ஏன் இங்கே வருகிறான் என்று கேட்டதற்கு, ‘இஞ்ச என்னட பேர் எல்லாருக்கும் தெரியும்’ என்றான்.

அவனைத்தான் நான் புல்லுப் பிடுங்க விட்டேன்.

பிந்தி வருகிற பிள்ளைக்குத் தண்டனை கொடுக்கமுன் எந்த வழியால் வருகிறது என்று கேளுங்கள். முதல் பாடத்தை யாராவது கூட்டாளி எழுதிக் கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். இ.போ.ச. (அரச பஸ்) மாணவர் சீசன் டிக்கெட்டுக்கு அதிபரின் உறுதிப்படுத்தல் வேண்டும், அதைத் தாமதிக்காமல் கொடுங்கள். பயணமே பிள்ளையைத் தின்கிறது என்றால், அப்போது மாற்றுவதைப் பற்றிப் பேசலாம். பிள்ளையையும் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

உதவி என்றால் என்ன செய்வது? உடுப்பு, கொப்பி வாங்கிக் கொடுத்தால் போதுமா?

போதாது, ஆனால் அதிலிருந்துதான் தொடங்கவேண்டும். இரண்டாவது சீருடை மிக முக்கியம், இலவசத் துணி கிடைத்தாலும் தையற்கூலிக்கு வழியிருக்காது. பாடசாலையில் ஒரு பூட்டுப் போட்ட அலுமாரித் தட்டு கொடுத்துப் பாருங்கள், பாடநூலையும் கொப்பியையும் அதில் வைத்துவிட்டுப் போகட்டும். வீட்டுக்கு வீடு சுமந்து திரிந்தால் புத்தகம் ஒரு தவணைகூடத் தாங்காது. காசே செலவில்லாத உதவி இது, நான் செய்ததில் ஆகப் பலன் தந்ததும் இதுதான்.

கழுவ ஒரு பைப், காலையில் பத்து நிமிடம். பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய்த் துவாய், கேட்காமலே எடுக்கக்கூடிய இடத்தில். வீட்டுவேலை செய்ய நூலகத்தைப் பின்னேரம் ஒரு மணித்தியாலம் திறந்து வைக்க ஆள் பிடியுங்கள். குப்பி விளக்கில், ஏழு பேர் படுக்கிற அறையில், கணக்குச் செய்துகொண்டு வா என்று சொல்வதில் அர்த்தமில்லை.

ஒரு கோரிக்கை. பையும் சப்பாத்தும் கொடுக்கிற நல்லுள்ளங்கள், கொடுக்கும்போது போட்டோ எடுத்து முகநூலில் போடுவதை விடவேண்டும். பிள்ளை கையை நீட்டிக்கொண்டு நிற்கிற படத்தை அதே வகுப்புப் பெடியங்கள்தான் போனில் பார்க்கிறார்கள். படம் இல்லாவிட்டால் தரமாட்டோம் என்றால் நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். நான் அனுப்பியிருக்கிறேன், அதற்காக ஏச்சும் வாங்கியிருக்கிறேன்.

அரசாங்க உதவி ஏதாவது கிடைக்குமா?

அஸ்வெசும என்ற நலன்புரிக் கொடுப்பனவு இருக்கிறது, 2023 இலிருந்து. ஆனால் அது குடும்ப அலகைப் பார்த்துப் பதிவது. இன்னொருவர் வீட்டில் ஒண்டியிருக்கிற குடும்பம் அந்த வீட்டுக்காரரோடு சேர்த்துப் பார்க்கப்பட்டு விடுபட்டுப்போவதை நான் திரும்பத் திரும்பக் காண்கிறேன். அதைத் தொற்றிக்கொண்டு வருகிற மற்ற உதவிகளும் கைநழுவும். 2025 தொடக்கத்தில் அஸ்வெசும குடும்பங்களின் பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கற்றல் உபகரணத்துக்கு 6,000 ரூபா கொடுத்தார்களே, அப்போது எங்கள் வகுப்பில் யாருக்கு ஆகத் தேவையோ அவன் முதல் பட்டியலில் இல்லை. ஆகவே பட்டியல் வரும்போது பெயர்களைச் சரிபார்த்து, விடுபட்ட பிள்ளைக்கு அதிபரின் கடிதத்தோடு பிரதேச செயலகத்துக்குப் போங்கள். தாயைத் தனியாக அனுப்பினால் ‘பிறகு வாங்க’ என்பார்கள். கூட ஒரு ஆசிரியர் போனால் கதிரை போடுவார்கள். அசிங்கம்தான், ஆனால் உண்மை.

யாரிடம் சொல்வது?

பாடசாலைக்குள் அதிபர், பகுதித் தலைவர், ஆலோசனை ஆசிரியர். அதற்கு மேல் வேண்டாம். ஆசிரியர் ஓய்வறையில் தேத்தண்ணியோடு பேசுகிற விஷயம் இல்லை இது, அங்கே பேசினது பாடசாலை விடுகிற மணிக்கு முன் ஊருக்குள் போய்விடும்.

வெளியே என்றால் பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருப்பார், நன்னடத்தை உத்தியோகத்தர் இருப்பார். இவர்களுடைய போன் நம்பரைத் தேவை வரும்போது தேடாமல் வருடத் தொடக்கத்திலேயே எடுத்து வையுங்கள்.

பிள்ளை நிற்கிற வீட்டில் அடி, பாலியல் தொந்தரவு, கூலி இல்லாத வேலை என்று சந்தேகம் வந்தால் அது வீட்டுப் பிரச்சினை இல்லை, குற்றம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 க்கு அழையுங்கள். இலவசம், தமிழில் பேசலாம், எந்த நேரமும். நீங்களே விசாரணை நடத்தப் போகாதீர்கள், அந்த வீட்டுக்காரரைக் கூப்பிட்டு எச்சரிக்கவும் வேண்டாம். அன்றிரவு பிள்ளை அந்த வீட்டுக்குத்தான் திரும்பிப் போகவேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

பேசாமல் ஒரு சிறுவர் இல்லத்தில் சேர்த்துவிட்டால் என்ன?

சாப்பாடும் படிப்பும் கிடைக்கும் என்று நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். தாய் தகப்பன் உயிரோடு இருக்கிற பிள்ளைகள் வறுமைக்காகவே இல்லங்களில் வளர்வது நம் மாவட்டத்தில் புதிதில்லை. யுத்தமும் 2004 சுனாமியும் அதைப் பழக்கமாக்கிவிட்டன. ஆனால் அது கடைசி வழி. சித்தப்பா வீட்டுக்கு ஒரு தகர அறை இறக்கினால் பிள்ளை குடும்பத்தோடு இருக்கலாம் என்றால், அதற்கு ஆள் தேடுவதுதான் முதல் வேலை. இல்லம்தான் வழி என்றால் நன்னடத்தைத் திணைக்களம் ஊடாக, பதிவு செய்த இடத்தில், நீதிமன்றக் கட்டளையோடு. தெரிந்த ஆள் சொன்னார் என்று ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோய் விடுகிற விஷயம் அல்ல. அண்ணன் தங்கையைப் பிரிக்காமல் வைக்க முடியுமா என்றும் கேளுங்கள்.

வெள்ளம் வந்தால் பாடசாலையே முகாம் ஆகிறதே, அப்போது?

அப்போது எல்லாரும் வீடில்லாதவர்கள்தான், உதவியும் வரும். எனக்குக் கவலை அதற்குப் பிறகு. தண்ணி வற்றி, மேசை கதிரை கழுவி, பாடசாலை தொடங்குகிறோம், மூன்று பிள்ளைகள் வரவில்லை. 2011 ஜனவரி வெள்ளத்திலும் இப்படித்தான் நடந்தது. முகாம் மூடப்பட்டதும் கணக்கு மூடப்படுகிறது, வீடு விழுந்தவர்கள் சொந்தக்காரரிடம் போய்விடுகிறார்கள், பட்டியலில் ‘மீளத் திரும்பினர்’ என்று இருக்கும். பாடசாலை திறந்த முதல் கிழமை வராத பிள்ளைகளின் பெயரை எடுத்து வீடு வீடாகப் போங்கள், அல்லது கூட்டாளிமாரைக் கேளுங்கள். பெடியங்களுக்கு எல்லாம் தெரியும்.

சாதாரண தரப் பரீட்சை எடுக்கப்போகிற பிள்ளைக்கு?

15 வயதானதும் அடையாள அட்டை விண்ணப்பத்தைப் பாடசாலை மூலமாகப் போட்டுவிடுங்கள், பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது ஓடவேண்டாம். விலாசமாக யாருடைய வீட்டைப் போடுவது என்பதைக் குடும்பத்தோடு முன்கூட்டியே பேசுங்கள். பரீட்சை நாட்களில் பிள்ளை எங்கே படுக்கும் என்று கேட்டு வையுங்கள், அனுமதி அட்டையைப் பாடசாலையிலேயே வைத்திருந்து காலையில் கொடுங்கள்.

மற்றப் பிள்ளைகளுக்கு இதைப் பற்றிச் சொல்லலாமா?

வேண்டாம். தேவைப்பட்டால் அந்தப் பிள்ளை சொல்லும்.

எனக்கு 42 பிள்ளைகள், பாடத்திட்டம் முடிக்கவேண்டும். நாளைக்கே தொடங்கக்கூடியது ஏதாவது?

ஒரு சொந்தக் கொப்பி எடுங்கள். வரவு இடாப்பில் வேண்டாம், அது எல்லார் கையிலும் போகும். வகுப்புப் பெயர்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டே விஷயம், ராத்திரி எங்கே படுக்கிறது, அவசரத்துக்கு யாரை எடுக்கவேண்டும். ஒரு கிழமையில் சும்மா பேச்சோடு பேச்சாகக் கேட்டே நிரப்பிவிடலாம், அனேகமான பிள்ளைகளுக்கு ஒரு நிமிடமும் ஆகாது. பதில் தெரியாமல் நிற்கிற நாலைந்து பெயர்தான் உங்கள் வேலை. பென்சிலால் எழுதுங்கள். தவணைக்கு ஒரு தடவையாவது அழித்து எழுதவேண்டி வரும். என்னுடைய போன வருடக் கொப்பியில் ஒரு பெயருக்கு எதிரே ஐந்து தடவை அழித்ததில் தாள் கிழிந்து, பின்பக்கம் செலோடேப் ஒட்டி வைத்திருக்கிறேன்.